ஒரு எஸ்எம்எஸ், மூன்றரை மணி நேரம்: வாலிநோக்கம் பக்கம் உளையில் மாட்டிய கதை

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை. தைப்பூசம் முடிந்த வாரம். மூன்று ஜீப், ஏழு பேர். வாலிநோக்கத்துக்கும் மூக்கையூருக்கும் நடுவே, பக்கத்து ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர்கூட இருக்காத ஓர் இடத்தில் மாலை 5.50க்கு மாட்டினோம். வெளியே வரும்போது இரவு 9.20. ஒருவருக்கு முன்கையில் ஐந்து தையல், இரண்டு வண்டிகளின் அடிப்பாகம் முழுக்க உப்புச் சேறு. சேதம் அவ்வளவுதான்.

அன்றிரவே எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: "சாட்டிலைட் நெட் மட்டும் இருந்திருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்." நானும் தலையாட்டினேன். அடுத்த வாரம் ஏழு பேரின் போன்களையும் வாங்கி, யார் எத்தனை மணிக்கு எதை அனுப்பப் பார்த்தார்கள், எது போனது, எது தொங்கியது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். நோட்டு வேறு கதை சொன்னது.

இடம்

ராமநாதபுரம் கடற்கரையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலை கிடையாது, காடு என்றால் சீமைக் கருவேலம்தான். தூரத்தில் பனை, அதைத் தாண்டி உப்பளம், அதைத் தாண்டிக் கடல். பார்த்தால் கார்கூடப் போகும் போலத் தட்டையாக இருக்கும். கழி வற்றிய இடங்களில் மேலே வெயிலில் வெடித்த பாளம், அதற்குக் கீழே முழங்கால் ஆழம் களி. உள்ளூரில் உளை என்பார்கள். கடலோர மணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் வண்டி மிதந்து போகும். உளையில் அந்த வித்தை பலிக்காது, பாளம் உடைந்த நொடியில் அச்சு வரைக்கும் இறங்கிவிடும்.

எங்கள் ஜில்லாவில் இந்த ஓட்டம் புதிதும் இல்லை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும்வரை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஜீப்பும் வேனும் கடல்நீரிலும் மணலிலும்தான் ஓடின. அந்த டிரைவர்கள் யாரும் தங்களை ஆஃப்ரோடர் என்று சொல்லிக்கொண்டதில்லை. நேற்றைய தடம் இன்று இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். முன்னால் போகும் வண்டியைக் கண்ணில் படாத தூரத்துக்கு விடவும் மாட்டார்கள். எங்களுக்கு வாகனம் நல்லது, அந்த அறிவு குறைவு.

கடற்கரை மணலில் நாங்கள் ஓட்டுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் சில மாதம் பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் தலை வைக்கவே கூடாது. அன்று நாங்கள் போனது பழைய உப்பளத்து வரப்பும் அதைத் தொட்டுப் போகும் வண்டித்தடமும்.

நடந்தது

5.50: முன்னால் போன என் வண்டி தடத்தை விட்டு இடப்பக்கம் ஒதுங்கியது. சரியாகச் சொன்னால் நான்தான் ஒதுக்கினேன், தடத்தில் முள் கிடந்தது. பாளம் உடைந்து இரண்டு இடச் சக்கரமும் உள்ளே.

6.05: பின்னால் இழுக்க வந்த இரண்டாவது வண்டியும் உட்கார்ந்தது. இது எல்லோருக்கும் நடப்பது, எல்லோரும் தமக்கு நடக்காது என்று நினைப்பது.

6.15: மூன்றாவது வண்டியை உறுதியான வரப்பில் நிறுத்திப் பட்டை கட்டி இழுத்தோம். அவசரத்தில் பட்டையை இழுவைக் கொக்கியில் மாட்டாமல் பம்பர் தாங்கும் தகட்டில் மாட்டினோம். தகடு பிய்ந்து பறந்து நண்பர் ஒருவரின் முன்கையைக் கிழித்துவிட்டது. துண்டை வைத்து அழுத்திப் பிடித்தோம். ரத்தம் மட்டுப்பட்டது, ஆனால் தையல் போட வேண்டிய காயம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

மூன்றாவது வண்டியில் அவரை ஏற்றி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வரப்பு குறுகல். அந்த வண்டி திரும்புவதற்கு நாங்கள் மாட்டியிருந்த இடத்தைத் தாண்டித்தான் அகலம் வரும். பின்னோக்கியே ஒன்றரைக் கிலோமீட்டர் இருட்டில் ஓட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை.

6.24க்குச் சூரியன் விழுந்தது. பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், நிலா வர எட்டரை ஆகும். ஓதமும் ஏறிக்கொண்டிருந்தது. மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதனால் முழுகிப் போகும் பயமெல்லாம் இல்லை. ஆனால் தட்டை நிலத்தில் அரை அடித் தண்ணீர் ஏறினாலே களி இன்னும் இளகும்.

ஏழு போன், மூன்று நிறுவனங்களின் சிம். எல்லாவற்றிலும் சேவை இல்லை என்றே காட்டியது. மலேசியாவில் வேலை பார்க்கும் தம்பி, சித்தப்பா மகன், லீவில் வந்திருந்தான். அவனுடைய விலை உயர்ந்த ஐபோன்தான் அன்றைக்கு எங்கள் நம்பிக்கை. சாட்டிலைட் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் என்று விளம்பரத்தில் பார்த்திருந்தான். அந்த வசதி குறிப்பிட்ட சில நாடுகளில்தான் உண்டு, இந்தியாவில் இல்லை. பத்து நிமிடம் வானத்தைப் பார்த்துப் போனைச் சுழற்றிவிட்டுச் சட்டைப் பையில் போட்டான்.

6.31: இன்னொரு நண்பர் என் போனோடு வண்டிக் கூரைமேல் ஏறி நின்றார். ஒரு கோடு வந்து போனது. அந்த நேரத்துக்குள் ராமநாதபுரத்தில் இருக்கும் என் மச்சானுக்கு ஒரு எஸ்எம்எஸ் தட்டினார். கோடு போய்விட்டது. செய்தி போனதா இல்லையா என்று தெரியவில்லை. போகவில்லை என்றே முடிவு செய்துகொண்டோம்.

6.45க்கு நானும் தம்பியும் டார்ச் எடுத்துக்கொண்டு நடந்தோம். இருபத்தைந்து நிமிட நடையில் ஒரு விளக்கு. உப்பளத்துக் கொட்டகை. ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் காயத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அப்புறம் எழுந்து வெளியே வந்து கையை நீட்டினார்.

"அந்தா மொட்டப் பனை தெரியுதா? அதுக்கு அடியில மேடு இருக்கு. மேல ஏறி வடக்கப் பாத்து நில்லுங்க. டவர் அங்கதான் வரும். கீழ நின்னு எத்தன பேசுனாலும் போகாது, தம்பி."

7.25க்கு மேட்டில் இரண்டு கோடு. ஏறி நின்ற உடனேயே போன் அதிர்ந்தது. மச்சானிடமிருந்து ஒரு செய்தி. அனுப்பிய நேரம் 6.34.

"வழக்கம்போலவா? சரி, சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்றேன்."

எங்கே தப்பு

ஆக, 6.31க்கு அனுப்பிய எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றே நிமிடத்தில் படிக்கப்பட்டு, பதிலும் போடப்பட்டிருந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "மாட்டிக்கிட்டோம் மாப்ள வர லேட் ஆகும்". மாதம் ஒரு தடவை எங்கேயாவது மாட்டுகிற ஆட்களிடமிருந்து வந்தால் அதை வேறு எப்படிப் படிப்பது? மச்சான் மீது ஒரு குற்றமும் இல்லை. இடம் இல்லை, காயம் பற்றி ஒரு சொல் இல்லை, என்ன வேண்டும் என்று இல்லை.

ஐம்பத்து நான்கு நிமிடம். எங்களுக்குத் தொடர்பு இல்லாததால் அந்த நேரம் போகவில்லை. கிடைத்த தொடர்பில் ஒன்றும் சொல்லாததால் போனது. நோட்டில் அந்த இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

அடுத்த தடங்கல் மேட்டில் வந்தது. மச்சான் ஒரு டிராக்டர்காரரைப் பிடித்து எங்களோடு பேசவைத்தார். தம்பி போனைப் பார்த்து எண்களாகப் படித்தான், ஒன்பது புள்ளி இத்தனை, எழுபத்தெட்டு புள்ளி இத்தனை என்று. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. "ஊரு பேர சொல்லுங்கண்ணே" என்றார். வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பப் பார்த்தோம், டேட்டா சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் பின்னாலேயே நடந்து வந்திருந்த பெரியவர் போனை வாங்கினார். "பழைய அளத்து மூணாம் மடைக்குக் கெழக்க, வரப்பு ஒடஞ்ச எடம். தெக்கால வராத, மேக்கால சுத்தி வா." இருபது நொடி. 8.40க்கு டிராக்டர் சரியான பக்கத்திலிருந்து, மாட்டாமல் வந்து நின்றது.

பனை மேட்டு விஷயத்தில் மந்திரம் ஏதும் இல்லை. தரையில் நிற்கிற ஆள் கையில் இருக்கும் போனுக்குத் தொடுவானம் நாலரைக் கிலோமீட்டர் சுமார். மூன்று மீட்டர் உயரத்துக்குப் போனால் அது ஆறைத் தாண்டும். கருவேலப் புதரின் ஈர இலையும் முள்ளும் அலையைத் தின்னும், மேட்டில் அந்தத் தடையும் இல்லை. எங்கள் ஊரில் மேடு என்றால் ஒரு ஆள் உயரம்தான், ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் அதுவே பெரிய வித்தியாசம். வண்டிக் கூரையில் ஒரு கோடு வந்ததும் இதனால்தான்.

டிஷ் இருந்திருந்தால்?

தம்பிக்கு இதில் மனத்தாங்கல். மலேசியாவில் 2023இலிருந்து ஸ்டார்லிங்க் என்ற சாட்டிலைட் இணையச் சேவை இருக்கிறது, காட்டுக்குள் ஜீப் ஓட்டுகிறவர்கள் கூரையில் டிஷ்ஷைக் கட்டிக்கொண்டு போவதை அவன் பார்த்திருக்கிறான். சின்ன மாடல் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், ஒரு பரீட்சை அட்டை அளவு. வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன் என்றவனை நான்தான் தடுத்திருந்தேன்.

கருவியைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரி. டிவி டிஷ் பார்க்கிற செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். அதன் வழியாகப் பேசினால் போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும், பேச்சு இடறும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் வரிசையாக ஓடுபவை, தாமதம் தெரியாது. சின்ன டிஷ் 25 முதல் 40 வாட் இழுக்கும். 12 வோல்ட் வண்டி பேட்டரியில் அது மூன்று ஆம்பியரைச் சற்றே தாண்டும், மூன்று மணி நேரம் என்றால் பத்து ஆம்பியர்-மணி. இன்ஜினை நிறுத்தி வைத்தாலும் ஒரு நல்ல பேட்டரி தாங்கும். தேவை திறந்த வானம், அது எங்கள் கடற்கரையில் வேண்டிய மட்டும் இருக்கிறது. உப்புக் காற்றுதான் எதிரி: பிளக்கைத் துடைத்து மூடி வைக்காவிட்டால் ஒரு சீசனில் பச்சை பூத்துவிடும்.

ஆனால் அன்றைக்கு அது இங்கே வேலை செய்திருக்காது. டிஷ் தான் எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் மூலம் அறிந்து சொல்லும், சேவை திறக்காத நாட்டில் இணைப்புத் தராது. அது ஒரு பக்கம் இருக்க, வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவில் சாட்டிலைட் போன் விதிகள் இறுகின. துராயா, இரிடியம் நிறுவனங்களின் போன் கூடவே கூடாது. பிஎஸ்என்எல் வழியாக வரும் இன்மார்சாட் போன், அதுவும் தொலைத்தொடர்புத் துறை அனுமதியோடு. கையடக்கமான சாட்டிலைட் செய்திக் கருவியைத் தெரியாமல் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் கைதானது செய்தியில் வந்ததுதான்.

எங்களுக்கும் அன்று ஒரு சின்னப் பரீட்சை நடந்தது. இரவு ஒன்பது மணிக்குப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கடலோரத்தில் விளக்கு அசைகிறது என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எதிர்க்கரை இலங்கை, இங்கே இரவு வெளிச்சத்துக்கு வேறு அர்த்தங்கள் உண்டு. அடையாள அட்டைக்கு அடுத்த கேள்வியே, "சாட்டிலைட் போன் கீட் போன் ஏதும் வெச்சிருக்கீங்களா?" வாக்கிடாக்கியை வாங்கிப் பார்த்தார்கள். உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் செட், பில்லும் வண்டியில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைக் காட்டச் சொல்லி, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவர்களே தடம் காட்டினார்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியது. 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிமம் கிடைத்தது, ஜூலையில் விண்வெளிச் சேவைகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி. இதே சேவைக்கு ஒன்வெப்பும் ஜியோ கூட்டு நிறுவனமும் அதற்கு முன்பே வரிசையில் நின்றவை. அதே ஜூலையில் இலங்கையில் சேவையே தொடங்கிவிட்டது. அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே நம் போனில் இலங்கை டவர் ஏறி வரவேற்பு எஸ்எம்எஸ் வருவது பழைய வேடிக்கை, ரோமிங்கை அணைக்காவிட்டால் பில் வேடிக்கையாக இருக்காது. ஆனால் அக்கரை அலை எட்டுகிறது என்று டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று: 2025 மே மாதப் பாதுகாப்பு விதிகள் நில எல்லையை ஒட்டிய 50 கிலோமீட்டரையும், கடற்பக்கம் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தையும் சிறப்புக் கண்காணிப்பில் வைக்கின்றன. கேட்டால் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று நிறுவனம் உடனே சொல்ல வேண்டும். உரிமத்தோடு டிஷ் வாங்கினாலும் ராமநாதபுரம் கடற்கரையில் கூரையில் கட்டுமுன் விதியை ஒரு முறை படித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

சரி, எல்லாம் அனுமதியோடு இருந்தது, 6.25க்கே டிஷ் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன மாறியிருக்கும்? எழுதி அனுப்பியிருந்தால் அதே "மாட்டிக்கிட்டோம்"தான் போயிருக்கும், வேகமாக. குரலில் பேசியிருந்தால் மச்சான் திருப்பிக் கேள்வி கேட்டிருப்பார், அதில்தான் லாபம். காயத்தைப் படம் எடுத்து டாக்டருக்குக் காட்டியிருக்கலாம், அதுவும் பெரிய விஷயம்தான். மூன்றாம் மடைக்கு மேற்கால சுற்றி வா என்று சொல்ல மட்டும் அப்போதும் அந்தப் பெரியவர் வேண்டும்.

படகில் இருக்கும் டப்பா

டிராக்டருக்குக் காத்திருந்தபோது பெரியவர் ஒன்று சொன்னார். அவருடையது நாட்டுப்படகு, அதில் ஒன்றும் கிடையாது. மகன் விசைப்படகில் போகிறான். "அந்தப் போட்டுல டப்பா ஒண்ணு வெச்சிருக்காக. டவரு இல்லாத எடத்துலருந்து வீட்டுக்குச் சேதி வருது. அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, அனுப்புனது போய்ச் சேந்துருச்சுன்னு அதுவே சொல்லுது."

அவர் சொன்னது இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர். ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் சிறு செய்தி போகும். மீனவர் தன் போனை அதோடு இணைத்து நப்மித்ரா செயலியில் படிக்கலாம், அனுப்பலாம், கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கையும் வரும். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. ஆபத்தில் மட்டும் அழுத்தும் கருவி தனி: பழையது ஒருவழி, அழுத்தியவருக்குச் செய்தி போனதா என்று தெரியாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ கொண்டுவந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து "கிடைத்தது" என்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது.

கடலில் மாட்டுகிறவர்களுக்கு எது முக்கியம் என்று கேட்டுச் செய்த கருவி என்று எனக்குப் பட்டது. பதில் வந்தது தெரிந்திருந்தால் 6.34க்கே நாங்கள் இன்னொரு முறை கூரையில் ஏறியிருப்போம். தெரியாததால் நடக்க ஆரம்பித்தோம். தனுஷ்கோடி அழிந்த 1964 டிசம்பர் இரவில் தந்திக் கம்பியெல்லாம் அறுந்து, ரயில் என்ன ஆனது என்று வெளியே தெரியவே தாமதமான கதை இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் அந்த டப்பாவைப் பற்றிப் பேசும்போது பெரியவரின் குரலில் ஒரு பெருமை இருந்தது. வண்டிக்காரர்களுக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை.

பிறகு மாற்றியவை

இழுவைக் கொக்கி, முதலுதவிப் பெட்டி, பலகை இதெல்லாம் எல்லோரும் எழுதுவது, விடுகிறேன். தொடர்பில் மாற்றியதை மட்டும் சொல்கிறேன்.

கிளம்புமுன் ஊரில் ஒருவர் பொறுப்பு. அவருக்குத் தடம், வண்டி எண், ஆள் கணக்கு, எத்தனை மணிக்குச் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது எழுத்தில் போய்விடும். டிராக்டர்காரர் எண்ணும் அந்தந்த ஊர் ஆள் ஒருவர் எண்ணும் முன்கூட்டியே அவரிடம் இருக்கும். செய்தி வரவில்லை என்பதே அவருக்கு ஒரு செய்தி. இது செலவில்லாதது, இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸை வீட்டிலேயே எழுதிப் போனில் சேமித்துக்கொள்கிறோம், இடத்தையும் காயத்தையும் நிரப்பினால் போதும். இதில் ஒரு நுணுக்கம். தமிழ் எழுத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒன்றுக்கு 70 குறிகள்தான் இடம், கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியாகக் கணக்காகும். ஆங்கில எழுத்தில் 160. நீளமான தமிழ்ச் செய்தி இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்து போகும், சிக்னல் மின்னி மறையும் இடத்தில் ஒரு துண்டு விழுந்தாலும் மொத்தமும் நிற்கும். எனக்கு மனசில்லைதான், ஆனால் உளையில் நிற்கும்போது மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறோம். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை என்பதால் எண்கள் எப்போதும் கிடைக்கும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் போதும், பதினொரு மீட்டருக்குள் வந்துவிடும். அதோடு பக்கத்தில் இருக்கும் மடை, கண்மாய், கோயில், மொட்டைப் பனை ஏதாவது ஒன்றின் பேர் கட்டாயம்.

நம் சிம்மில் கோடு இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 போகும், அதையும் அன்று யாரும் முயலவில்லை. கடல் பக்கம் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. மூன்றும் ஸ்டிக்கராகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதிலிருந்து என் மகள் அதைப் படித்துக்காட்டிக் கேலி செய்கிறாள்.

போன மாதம் காரங்காடு பக்கம் போனோம். மாட்டவில்லை. வண்டியை நிறுத்தி, ஒரு கோடு இருந்த இடத்தில் சேமித்த செய்தியைச் சோதனைக்காக அனுப்பினேன்: இடம், ஏழு பேர், காயம் இல்லை, உதவி வேண்டாம், ஏழு மணிக்குள் ரோட்டில் இருப்போம். நான்கு நிமிடம் கழித்து மச்சானிடமிருந்து பதில்.

"கிடைச்சது. 7.15 வரை பார்ப்பேன். அப்புறம் டிராக்டர். சாப்பாடு இன்னிக்கு உங்க வீட்ல."